பார்க்கின்சன் மருந்துச் சோதனையில் சேரலாமா?

கட்டைவிரலின் நுனியை ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும். பத்து முறை. முடிந்த மட்டும் வேகமாக, விரல்களை முடிந்த மட்டும் அகல விரித்து. மருத்துவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தட்டுகள் தடையில்லாமல் சீராக விழுந்தால் மதிப்பெண் 0. ஓரிரு முறை தயங்கினால், அல்லது கடைசித் தட்டுகளில் விரிப்பு குறைந்தால் 1. மூன்று முதல் ஐந்து முறை தடைபட்டால், அல்லது பாதி வழியிலேயே விரிப்பு சுருங்கத் தொடங்கினால் 2. ஏறக்குறைய தட்டவே முடியாவிட்டால் 4. வலக்கை முடிந்ததும் இடக்கை. பிறகு கையை மூடித் திறப்பது, உள்ளங்கையைத் திருப்புவது, குதிகாலை ஊன்றியபடி கால்விரல்களால் தரையைத் தட்டுவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, நடந்து திரும்புவது. இன்னொரு சோதனையும் உண்டு. மருத்துவர் பின்னால் நின்றுகொண்டு நோயாளியின் இரு தோள்களையும் சட்டென்று தன் பக்கம் இழுப்பார். விழாமல் நிற்க எத்தனை அடி பின்வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்.

இப்படி மொத்தம் 33 மதிப்பெண்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 132. பார்க்கின்சன் நோய்க்கு உலகின் எந்த ஊரில் மருந்துச் சோதனை நடந்தாலும், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த அளவுகோலைக் கொண்டுதான் விடை தேடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். மருந்து எடுத்தவர் மனசு எப்படி இருந்தாலும் அந்த எண் அவ்வளவாக மாறாது. பார்க்கின்சனில் அப்படி இல்லை. தட்டுவது ஒரு மனிதரின் விரல், எண்ணுவது இன்னொரு மனிதரின் கண். இருவருக்குமே அந்த மருந்து பலிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

ஒரு வீட்டில் ஒருவருக்குப் பார்க்கின்சன் என்று உறுதியானதும், சில வாரங்களுக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வெளிநாட்டில் புதுசா மருந்து ஏதோ சோதிக்கிறாங்களாமே, அதில் அப்பாவைச் சேர்க்க முடியாதா?" கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும்போது பிள்ளைகள் மனத்தில் இருப்பது சிகிச்சை. சோதனை நடத்துபவர் கையில் இருப்பதோ இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி. இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு சேர்பவர்கள் கடைசிவரை மனம் நோகாமல் நிற்கிறார்கள். வாங்கிக்கொள்ளாதவர்கள் பாதியில் உடைந்துபோகிறார்கள். சோதனையை எங்கே தேடுவது, எப்படிச் சேர்வது என்பதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை ஒவ்வொன்றாக அழிவதால்தான் நடுக்கமும், விறைப்பும், அசைவில் மந்தமும் வருகின்றன. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் மூளையில் டோபமினுக்கு உள்ள பங்கைக் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். வியன்னாவில் ஹார்னிகிவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதை 1960இல் கண்டார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபமினின் மூலப்பொருளான டோபாவை வாய்வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, அசையாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த டோபாவின் இன்றைய மருந்து வடிவம்தான் லெவோடோபா. அதற்குப் பின் வந்த எந்த மருந்தும் அதை மிஞ்சவில்லை. ஆனால் அது அறிகுறிகளைத்தான் தணிக்கிறது. அணுக்கள் அழிவதை நிறுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. இன்று நடக்கும் பெரிய சோதனைகளில் பல அந்த மருந்தைத் தேடித்தான் நடக்கின்றன.

இனி ஆசையின் கதைக்கு வருவோம். கனடாவின் வான்கூவரில் ஓர் ஆய்வுக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டுவிட்டு, அவர்கள் மூளையை பெட் ஸ்கேனில் படமெடுத்தது. முடிவு 2001இல் வெளியானது. மருந்து ஏறுகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அவர்கள் மூளை கணிசமாக டோபமினைச் சுரந்திருந்தது. பிளாசிபோ என்பதை, அதாவது வெற்று மருந்தால் தெரியும் பலனை, வெறும் மனத்திருப்தி என்று சொல்லிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கே அப்படி ஒதுக்க முடியாது, ஏனென்றால் மூளையில் நம்பிக்கை பயணிக்கும் பாதையும் டோபமின் பாதைதான். நோய்க்கு எது குறைவோ, அதையே நம்பிக்கை கொஞ்ச நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

அதே ஊரில் 2010இல் வெளியான இன்னொரு ஆய்வில், உங்களுக்கு உண்மையான மருந்து கிடைக்க 25 சதவீதம் வாய்ப்பு, 50 சதவீதம், 75 சதவீதம், 100 சதவீதம் என்று நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிடமும் ஒன்றைச் சொன்னார்கள். எல்லோருக்கும் கொடுத்தது வெற்று மாத்திரைதான். 75 சதவீதம் என்று கேட்டவர்களின் மூளையில் மட்டும் டோபமின் குறிப்பிடத்தக்க அளவு ஊறியது. நிச்சயம் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிடைத்துவிடும்போல என்று நம்பியவர்களிடம்தான் அதிகம். சின்சினாட்டியில் 2015இல் வெளியான ஆய்வு இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. 12 நோயாளிகளுக்கு இரண்டு ஊசிகள். ஒன்றின் விலை 100 டாலர், மற்றதின் விலை 1,500 டாலர் என்று சொன்னார்கள். இரண்டிலும் இருந்தது உப்புநீர். விலை அதிகம் என்று சொல்லப்பட்ட ஊசிக்குப் பிறகு விரல்கள் மேலும் நன்றாக அசைந்தன. கடன் வாங்கி, நிலத்தை விற்று, நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் போய்வந்த குடும்பங்கள் முதல் மாதங்களில் "நல்ல முன்னேற்றம் தெரியுது" என்று சொல்வதில் பொய் இல்லை. முன்னேற்றம் இருக்கத்தான் செய்யும். அது நிலைக்குமா, வாங்கிய ஊசியிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

இதனால்தான் பார்க்கின்சன் சோதனைகளில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எதையும் நம்ப முடிவதில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. மாத்திரையில் இதைச் செய்வது எளிது. அறுவை சிகிச்சையில்?

1990களின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவின் டென்வரில் அதையும் செய்தார்கள். கருவிலிருந்து எடுத்த டோபமின் நரம்பணுக்களை நோயாளியின் மூளைக்குள் வைக்கும் அறுவை சிகிச்சை அது. அதற்கு முன் ஒப்பீடில்லாமல் செய்த இடங்களிலிருந்து உற்சாகமான செய்திகள் வந்துகொண்டிருந்தன. 40 நோயாளிகள் சேர்ந்தார்கள். 20 பேருக்கு அணுக்களை வைத்தார்கள். மற்ற 20 பேருக்கு மண்டையோட்டில் துளை போட்டார்கள்; மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடாமல் மூடிவிட்டார்கள். எல்லோரும் விழித்திருந்தார்கள். துளைக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வெறும் துளைக்காக ஒரு மனிதரின் தலையில் கை வைப்பது அறமா என்று மருத்துவ உலகம் அன்று பிளந்து நின்று வாதாடியது. இன்றும் அந்த வாதம் முடியவில்லை.

2001இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குப் பின் நோயாளிகள் தங்கள் நிலையைத் தாங்களே மதிப்பிட்டதில் இரு குழுக்களுக்கும் வித்தியாசமில்லை. 60 வயதும் அதற்குக் குறைவுமான சிலருக்கு அசைவுச் சோதனைகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அணுக்கள் வைக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குக் காலப்போக்கில் கட்டுக்கடங்காத முறுக்கல் அசைவுகள் வந்தன, மருந்தை நிறுத்தினாலும் நிற்காதபடி. அதே நோயாளிகளில் 30 பேரைத் தனியாகத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. தங்களுக்கு அணுக்கள் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும், வாழ்க்கை மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த 20 பேரின் தலையில் போட்ட வெறும் துளைகள் வீணாகவில்லை. அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த அறுவை சிகிச்சையைச் செய்திருப்பார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய டோபமின் அணுக்களை மூளையில் வைத்த முதற்கட்டச் சோதனைகள் இரண்டு 2025இல் வெளியாயின: அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேர், ஜப்பானின் கியோட்டோவில் 7 பேர். பழைய முறுக்கல் அசைவுகள் திரும்ப வரவில்லை என்பது பெரிய ஆறுதல். பலன் தெரிவதுபோலவும் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. அமெரிக்கக் குழு அடுத்த கட்டப் பெரிய சோதனையில் மீண்டும் வெறும் துளை அறுவையை ஒப்பீடாக வைத்திருக்கிறது. டென்வர் கற்றுக்கொடுத்த பாடம் அது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தின் கதை இதைவிட வேதனையானது. ஜி.டி.என்.எஃப். என்பது நரம்பணுக்களை ஊட்டி வளர்க்கும் ஒரு புரதம். 2003இல் ஐந்து நோயாளிகளுக்கு அதை மெல்லிய குழாய்கள் வழியே மூளைக்குள் செலுத்தியபோது வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருந்து நிறுவனம் 34 பேரைக் கொண்டு குலுக்கல் முறையில் சோதித்தது. எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. குரங்குகளின் மூளையில் சேதம் தெரிந்ததையும் காரணம் காட்டி 2004இல் மருந்தை நிறுத்தியது. எங்களுக்கு நன்றாக இருக்கிறது, தொடர்ந்து கொடுங்கள் என்று சில நோயாளிகள் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

பத்தாண்டுகள் கழித்து பிரிஸ்டலிலேயே மறுபடி முயன்றார்கள். மொத்தம் 41 பேர். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு சிறு இணைப்புக் கருவி. அதிலிருந்து மூளைக்குள் நான்கு குழாய்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மருந்து அல்லது வெறும் திரவம். 2019இல் வெளியான முடிவில், ஸ்கேன் படங்களில் மருந்து பெற்றவர்களின் மூளை தெளிவாகத் தேறியிருந்தது. ஆனால் விரல் தட்டலிலும் நடையிலும் எடுத்த மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் போதிய வித்தியாசம் இல்லை. அடுத்த ஒன்பது மாதங்களில் எல்லோருக்கும் உண்மையான மருந்தே கிடைத்தது; பலர் தாங்கள் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். சோதனை முடிந்தது, மருந்தும் நின்றது. தலையில் கருவியோடு வீடு திரும்பிய அந்த மனிதர்களை நினைக்காமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடியவில்லை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று அவர்களிடமிருந்து வருகிறது: சோதனை முடிந்த பிறகு என்ன?

மாத்திரைச் சோதனைகளின் தோல்விகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கோ-என்சைம் கியூ10: 600 பேர், பலன் இல்லையென்று 2011இல் நிறுத்தினார்கள். கிரியேட்டின்: 1,741 பேர், 2013இல் நிறுத்தினார்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் எக்ஸெனடைடு, 2017இல் வெளியான சிறிய சோதனையில் பெரும் நம்பிக்கை தந்தது. 194 பேரை 96 வாரம் தொடர்ந்த பெரிய சோதனையில் ஒன்றுமில்லை என்று 2025இல் தெரிந்தது. மூளையில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் 372 பேருக்குச் சோதிக்கப்பட்டது; மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட மோசமானார்கள். இந்தக் கடைசி வரியைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். பயன் இல்லாமல் போவது மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் படித்த பிறகு எதற்காகச் சேர வேண்டும் என்று தோன்றலாம். நான் சேரச் சொல்வேன், கண்ணைத் திறந்துகொண்டு. கிரியேட்டின் வேண்டாம் என்று இன்று ஒரு மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடிவது அந்த 1,741 பேரால்தான். லெவோடோபா கிடைத்ததும், முதலில் தங்கள் உடம்பைக் கொடுக்க முன்வந்த நோயாளிகளால்தான். நல்ல முறையில் நடக்கும் சோதனையில் சேர்ந்தவருக்கு வேறொரு நன்மையும் உண்டு: நிறுத்தி நிதானமாகப் பார்க்கும் மருத்துவர், முறையான தொடர் பரிசோதனை. வெளிநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் கிடைக்காத நேரம் அங்கே கிடைக்கும்.

எங்கே தேடுவது? இந்தியாவில் நடக்கும் சோதனைகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்கும் சி.டி.ஆர்.ஐ. 2007 ஜூலை 20 அன்று தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, ஆண்டும் மாதமும் வரிசை எண்ணும் கொண்ட பதிவெண் இருக்கும். உள்ளே போனால் எந்தெந்த மருத்துவமனை, தலைமை ஆய்வாளர் யார், அவரைத் தொடர்புகொள்வது எப்படி, பணம் போடுவது யார், நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்ததா, இப்போது ஆள் சேர்க்கிறார்களா எல்லாம் இருக்கும். ஆள் சேர்ப்பு நிலவரம் அவ்வப்போது புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். அதனால் பக்கத்தை மட்டும் நம்பாமல் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவின் கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் பதிவேடு 2000இல் தொடங்கியது, அங்கே என்.சி.டி. என்று தொடங்கும் எண். பன்னாட்டு நிறுவனம் நடத்தும் சோதனை இந்தியாவிலும் நடந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இருக்கும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் தொடங்கிய அறக்கட்டளையும் நோயாளிகளைச் சோதனைகளோடு இணைக்கும் ஒரு சேவையை நடத்துகிறது.

அமெரிக்கப் பதிவேட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு சோதனை அங்கே பதிவாகியிருப்பதால் அரசு அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது என்று பொருளில்லை. நோயாளியிடம் பணம் வாங்கும் ஸ்டெம் செல் கூடங்கள்கூட அதில் பதிந்துகொண்டிருக்கின்றன. எளிமையான உரைகல் ஒன்று உண்டு: முறையான சோதனை எதுவும் நோயாளியிடம் மருந்துக்கோ சோதனைக்கோ பணம் கேட்காது. போக்குவரத்துச் செலவைக்கூட அவர்களே தருவது வழக்கம். "இது டிரையல்தான், ஆனால் ரெண்டு லட்சம் கட்டணும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே கொடுப்பது முறையல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

தகுதிப் பட்டியலைப் பார்த்ததும் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். வயது வரம்பு, நோயின் கட்டம், நினைவாற்றல் மதிப்பெண், வேறு நோய்கள், மூளைக்குள் மின்முனை வைத்த அறுவை சிகிச்சை செய்திருந்தால் விலக்கு. நோயின் போக்கைத் தடுக்கத் தேடும் சோதனைகளில் பல, புதிதாக நோய் கண்டறியப்பட்டு இன்னும் லெவோடோபா தொடங்காதவர்களையே கேட்கின்றன, லெவோடோபாவின் பலன் சோதனை மருந்தின் பலனை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தங்கள் நோயைப் பற்றி இன்னும் எதுவுமே தெரிந்திருக்காது. நரம்பியல் மருத்துவர் முதன்முதலில் நோயின் பெயரைச் சொல்லும் அன்றே "எனக்குப் பொருந்துகிற சோதனை ஏதாவது நடக்குதா டாக்டர்?" என்று கேட்டுவைப்பது அதனால்தான் நல்லது. ஆனால் சோதனையில் இடம் கிடைக்கும் என்பதற்காக, சட்டைப் பொத்தான் போட முடியாத நிலையிலும் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். லெவோடோபாவைச் சீக்கிரம் தொடங்குவதா, தள்ளித் தொடங்குவதா என்று நெதர்லாந்தில் 445 பேரிடம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. சீக்கிரம் தொடங்கியதால் நோயின் போக்கு மாறவுமில்லை, கெடவுமில்லை. உடம்புக்குத் தேவை வந்தால் மருந்து, சோதனை அதற்கடுத்து.

நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். இது தமிழ் வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது. இந்தியாவில் 60 நோயாளிகளிடம் அந்த விதையின் தூளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. லண்டனில் எட்டு பேரிடம் இரட்டை மறைப்பு முறையில் செய்த ஆய்வு 2004இல் வந்தது. வேலை செய்கிறது என்பது உண்மை. அதனால்தான் சோதனையின்போது சொல்லாமல் சூரணம் சாப்பிட்டால், வெற்று மாத்திரைக் குழுவில் இருப்பவருக்கும் விரல் நன்றாக ஓடும், மதிப்பெண் குழம்பும். மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடி உடம்பையும் படுத்தும்.

சேர்ந்துவிட்டால் சோதனை நாள் எப்படியிருக்கும்? பல சோதனைகளில் மருந்தில்லா நிலையில் மதிப்பெண் எடுப்பார்கள். நோயாளிகள் அதை 'ஆஃப்' என்பார்கள். முதல் நாள் இரவு மாத்திரையோடு நிறுத்திக்கொண்டு, குறைந்தது 12 மணி நேரம் கழித்து, காலையில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்தக் காலை கடினமானது. படுக்கையில் புரளவே ஒருவர் துணை வேண்டியிருக்கும். கழிப்பறைக்குப் போக அரைமணி ஆகும். பேருந்துப் படி ஏற முடியாது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு அந்த நிலையில் வருவது என்றால் முதல் நாளே வந்து தங்க வேண்டும். யார் கூட வருவது, அவருக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும், தங்கும் செலவை யார் தருவது என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். சோதனையிலிருந்து பாதியில் விலகுவோரில் பலரை விலகச் செய்வது மருந்து அல்ல, இந்தப் பயணந்தான் என்பது என் எண்ணம். மனைவியோ மகளோ சேர்ந்து முடிவெடுக்காத சோதனையில் சேராதீர்கள்.

கையெழுத்துக்கு முன் உங்களுக்குள்ள உரிமைகள் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகளில் இருக்கின்றன. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகலை உங்களிடம் தர வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம், அதற்கு மேல் இழப்பீடு. தரமான சிகிச்சை இருக்கும்போது அதைத் தராமல் வெற்று மாத்திரையைக் கொடுத்ததால் வந்த பாதிப்பும் இதில் அடங்கும். சோதனைக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், ஒரு சாதாரணக் குடிமகன் கட்டாயம். அந்தக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும். மருத்துவரைக் கேட்கத் தயங்குகிற கேள்வியை அவர்களிடம் கேட்கலாம். கேட்பதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். பிரிஸ்டல் நோயாளிகளின் கேள்விக்கும் இந்த விதிகளில் ஓரளவு பதில் உண்டு: நோய்க்கு வேறு மாற்று இல்லாமல், சோதனை மருந்து பலன் தந்திருந்தால், ஆய்வாளரின் பரிந்துரையிலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலிலும் அதை இலவசமாகத் தொடர வழியிருக்கிறது. லெவோடோபா போன்ற மாற்றுகள் இருப்பதால் பார்க்கின்சனில் இது தானாகக் கிடைத்துவிடாது. முன்கூட்டியே கேட்டு, பதிலைப் படிவத்திலேயே பாருங்கள்.

"தெரிஞ்ச டாக்டர், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பக்கம் புரட்டாமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவர்மீதுள்ள மரியாதை நல்லதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மருத்துவரும் விடை தெரியாதவர். விடை தெரிந்திருந்தால் சோதனையே தேவையில்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

மருந்து எதுவும் எடுக்க வேண்டாத ஆய்வுகளும் உண்டு. ஒரு குப்பி இரத்தம், சில கேள்விகள், அவ்வளவுதான். பார்க்கின்சன் மரபணு ஆய்வுகளில் இதுவரை சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவில் வட ஆப்பிரிக்கர்களிடமும் யூதர்களில் ஒரு பிரிவினரிடமும் அதிகம் காணப்படும் மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. அந்த மாற்றத்தைக் குறிவைத்து இன்று மருந்துகள் சோதிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்கு நோய் வரக் காரணமான மரபணு மாற்றங்களைக் குறிவைத்து மருந்து வர வேண்டுமென்றால், நம்மவர்களின் இரத்தமும் அந்த ஆய்வகங்களுக்குப் போயாக வேண்டும். நோய் இல்லாத வாழ்க்கைத்துணையும் இதில் சேரலாம். ஒப்பீட்டுக்கு அவர்களும் தேவை.

உங்கள் வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் இருந்தால், அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நடக்கிற சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். பதிவெண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேர்ந்தால், முடிவு வெளிவரும்போது எங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். மருந்து பலிக்கவில்லை என்பதுதான் முடிவாக இருந்தாலும், அதைக் கண்டுபிடித்தவர்களில் நீங்களும் ஒருவர்.